பதினான்கு இஞ்ச் டேப்

என் பீரோவில், குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களுக்கு அடியில், போன சனிக்கிழமைவரை ஒரு ஃபைல் இருந்தது. பழுப்பு அட்டை, ஓரத்தில் பச்சை நாடா, உள்ளே பச்சை நிறத் தாள்கள். அந்தத் தாள்களோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்த ஒரு துண்டு டேப்பும் உண்டு. தையல்காரர்கள் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டிருப்பார்களே, அந்த டேப். ஒரு முனையில் பித்தளைத் தகடு ஒழுங்காக இருக்கிறது. பதினான்காவது இஞ்சில் டேப் முடிந்துவிடுகிறது. வெட்டியது நான்தான். அளவெடுக்கும் டேப்பைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிய தையல்காரி இந்த டெல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோபத்தில் வெட்டவில்லை, புத்தி தெளிவாக இருக்கும்போது, மேலிடத்து அனுமதி பெற்று வெட்டினேன். மேலிடமும் நான்தான். இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மத்திய அரசாங்கத்தில் ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருடம். நான் அறந்தாங்கிப் பக்கம் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அதில் பாதி நாள் டீச்சர் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தேன் என்பதால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்ததும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டம்மாவிடம் தையல் பழகினேன். பிறகு நாற்பது வருடம் ரவிக்கை தைத்தேன். மயூர் விஹாரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் தைத்தேன். டெல்லியில் இருக்கிற தமிழ்ப் பெண்களில் ஏகப்பட்ட பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையில்தான் ஊரே என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது.

ஓய்வு பெற்ற முதல் வருடம் அவர் பட்ட பாட்டை, நான் பட்ட பாடு என்று சொல்வதுதான் சரி. காலையில் பேப்பர் வந்ததும் படித்துவிட்டு, மூலையில் தேதி போட்டுச் சின்னக் கையெழுத்தும் போட்டு, அடுக்களைக்குக் கொண்டு வந்து என் முன்னால் வைப்பார். நானும் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கரண்ட் பில்லிலும் கையெழுத்து. நான் காய் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அது கடைக்குப் போகாமல் என்னிடமே திரும்பி வரும், கொத்தமல்லிக்கு எதிரே 'அவசியம் விளக்கப்படவில்லை' என்ற குறிப்போடு. நான் வாசலில் காய் வண்டியோடு நிற்கிற சப்ஜிவாலா பையாவிடம் நேரே போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கொத்தமல்லி இல்லாமல் ரசம் வைத்து ஒருநாள் விளக்கியிருக்கலாம். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு மேல் அந்த மனுஷனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, எதிர் ஃப்ளாட்டில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் எங்களோடுதான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் குர்கானில் வேலை. காலையில் மெட்ரோ ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். பேத்தி அப்போது ஐந்தாம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோலப்புள்ளி மாதிரி. அதனால் அவள் பள்ளிக்கூட விஷயத்தில் நான் தலையிட்டது கிடையாது. மாலை நாலு மணிக்கு வந்தால் பாலும் ரஸ்க்கும் கொடுப்பேன், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை, வீட்டில் யாராவது கூட உட்கார வேண்டும் என்று டைரியில் மிஸ் எழுதி அனுப்பினாள். மகள் அப்பாவிடம் ஒப்படைத்தாள்.

"அப்பா, ஹோம்வொர்க் இனிமே உங்க பொறுப்பு. அவளுக்கு ஃப்ராக்‌ஷன் கூட்டணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸில் புது சீட் கொடுத்தது மாதிரி இருந்தது. மறுநாள் ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, சாப்பாட்டு மேஜையில் மூன்றே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டார். முன்னால் புது ஃபைல். எங்கே போய்ப் பச்சைத் தாளும் நாடாவும் வாங்கினாரோ, தெரியாது. அட்டையின் மேல் இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தார். என்னவென்று கேட்டேன். "பொருள்: பின்னங்களைக் கூட்டுதல் குறித்து" என்றார். குறித்து என்று சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹோம்வொர்க்கை அவர் போடச் சொல்லவில்லை, 'புட் அப்' செய்யச் சொன்னார், அதாவது குறிப்பு எழுதி மேலதிகாரி முன்னால் வைப்பது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை எண். பேத்திதான் அந்தப் பிரிவின் அசிஸ்டெண்ட். அவள் பச்சைத் தாளில் முதல் பத்தியில் கேள்வி என்ன என்று எழுத வேண்டும். இரண்டாவது பத்தியில் இதற்கு முன்னால் இப்படி ஒரு கணக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மூன்றாவதில் இன்ன விடை போடலாம் என்று முன்மொழிய வேண்டும். அதன்பிறகுதான் இவர் பேனாவைத் திறப்பார். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதுவார்: பேசவும். எழுத வேண்டாம், நேரில் வந்து சொல் என்று அர்த்தம். அவர் ஆபீஸில் எல்லா மேலதிகாரிகளும் அப்படித்தான் எழுதுவார்களாம். எழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைவிட நல்ல வார்த்தை அரசாங்கத்தில் இல்லை என்பார்.

நான் ஹால் ஓரத்தில் மிஷினில் உட்கார்ந்து மேல் வீட்டு மாமியின் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் மேஜையில்.

"என்ன கேஸ்?" என்றார்.

"தாத்தா, ஒரு பையன் பாதி கேக் சாப்பிட்டான். அவன் தங்கச்சி கால் கேக் சாப்பிட்டா. ரெண்டு பேரும் சேர்ந்து எவ்ளோ?"

"எழுத்துல எப்படி இருக்கு?"

"ஒண்ணு, கீழ ரெண்டு. அப்புறம் ஒண்ணு, கீழ நாலு."

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "மேல இருக்கிறவங்களை மேல இருக்கிறவங்களோட சேரு. கீழ இருக்கிறவங்களைக் கீழ இருக்கிறவங்களோட சேரு. ரெண்டு மட்டத்தையும் கலக்கக் கூடாது."

"அப்ப மேல ரெண்டு, கீழ ஆறு. ஆனா மிஸ் கீழ இருக்கிற நம்பரை மாத்தணும்னு சொன்னாங்க தாத்தா."

"மாத்தறதா! அச்சாகி வந்த நம்பரை மாத்த நமக்கு என்ன அதிகாரம் இருக்கு பாப்பா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீ பதில் சொல்லுவியா, மிஸ் சொல்லுவாங்களா?"

எனக்கு மிஷின் மிதித்த கால் நின்றுவிட்டது. ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. அரையோடு காலைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? இந்தக் கணக்கில் ரவிக்கை தைத்தால் போட்டவள் மூச்சு விட முடியாது. அரை இஞ்சும் கால் இஞ்சும் சேர்ந்தால் முக்கால் இஞ்ச் என்று என் கட்டைவிரலுக்கே தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில், ஊருக்குப் போகும்போது, ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்று அவர் கூட்டிச் சொன்னதை ஒரே ஒரு முறை திருத்தினேன். நாக்பூரில் பேச்சை நிறுத்தியவர் விழுப்புரத்தில்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தவிர, அன்று அந்த மேஜையில் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா? பத்துக் கணக்குக்கும் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, தேதியோடு முழுக் கையெழுத்துப் போட்டார். பேத்தி அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். நோட்டிலும் ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்து.

இரண்டு நாளில் நோட்டு திரும்பி வந்தது. பத்துக்குப் பத்தும் தப்பு. அவர் கையெழுத்தைச் சுற்றி மிஸ் சிவப்பில் வட்டம் போட்டு, 'இது யார்?' என்று எழுதியிருந்தாள்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்சேபணை வந்திருக்கிறது, பதில் தயாரிக்கலாம், மூன்று மாதம் ஆகும் என்றார். ஆனால் மகள் ஆபீஸிலிருந்து வந்து நோட்டைப் பார்த்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அப்பா, புதன்கிழமை இல்ல, அதுக்கடுத்த புதன்கிழமை இதுல டெஸ்ட். பத்துக்கு ஆறாவது வாங்கலைன்னா மெட்ரோ ஸ்டேஷன்கிட்ட இருக்கிற டியூஷன் சென்டர்ல சேர்த்துடுவேன். ஸ்கூல்லேர்ந்தே வேன்ல கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஏழு மணிக்குத்தான் வீடு."

அன்று அவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கமாக நாலு. நான் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் வந்து நின்றார். எதற்கு வந்தோம் என்று தெரியாதவர் மாதிரி நின்றார். பிறகு கேட்டார்: "அவளை டியூஷன்ல சேர்த்துட்டா, நாலு மணிக்கு நான் என்ன பண்றது?"

நான் வாயாடி. எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு ஒரு கேள்விதான் வந்தது. "உங்க செக்‌ஷன் ஆபீசரே எல்லாத்துக்கும் முடிவெடுத்துடுவாரா? மேல யாருக்கும் ஃபைல் போகாதா?" என்று எதையோ கேட்டு வைத்தேன்.

"போகும். அண்டர் செக்ரட்டரிக்குப் போகும். அவர் பார்த்துட்டுத் திருப்பி அனுப்புவார்."

"அதான் தப்பாப் போச்சு. மேலிடம் பார்க்காமலே நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"வீட்டுல மேலிடத்துக்கு நான் எங்கே போறது?"

"ஃப்ரிட்ஜ் மேல வைங்க. இந்த வீட்டுல அதைவிட உயரமா எதுவும் இல்ல."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஹாலுக்குப் போய் ஃபைலை எடுத்து, நாடாவைக் கட்டி, ஃப்ரிட்ஜ் மேல் நேராக வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். உயரமான இடத்தில் ஃபைலை வைத்ததும் அவருக்கு மூச்சு சீராகிவிட்டது.

மறுநாள் விடியற்காலை பால் வாங்கி வந்ததும் ஃபைலை இறக்கினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, நம்பர் நம்பர்தான். கூட்டல் குறி கூட்டல் குறிதான். துணியில் கோடு போடும் ரோஸ் சாக்பீஸால் அவருடைய விடைகளின் மேல் குறுக்குக் கோடு இழுத்தேன். எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒன்றும் எழுதவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் டேப்பை எடுத்தேன். முழு டேப் அறுபது இஞ்ச். பாதி டேப் என்றால் முப்பது. கால் டேப் என்றால் பதினைந்து. முப்பதில் ஒரு கோடு, அங்கிருந்து பதினைந்து தள்ளி நாற்பத்தைந்தில் ஒரு கோடு. டேப்பைச் சுருட்டி ஃபைலுக்குள் வைத்து, நாடாவைக் கட்டி, பழையபடி மேலே வைத்துவிட்டேன்.

அவர் எழுந்து வந்து ஃபைலை இறக்கினார். ரோஸ் கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். அவர் ஆபீஸில் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு மை நிறம் உண்டாம். நீலத்தில் எழுதுகிறவர்கள் வேறு கலர் மையில் வருவதைக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் வேண்டுமென்றே, "என் டேப்பைக் காணோமே, யாராச்சும் பாத்தீங்களா?" என்று வீட்டைச் சுற்றி வந்தேன்.

"ஃபைல்ல இணைப்பா வந்திருக்கு" என்றார்.

"ஃபைலுக்குள்ள எப்படிப் போச்சு? எலி இழுத்திருக்குமோ?"

"ம்" என்றார். அவ்வளவுதான். எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவர் ஆயிற்றே என்று நான் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாலையில் இரண்டு பேரும் டேப்பை மேஜையில் நீட்டி வைத்து ஆராய்ந்தார்கள். பேத்திதான் முதலில் பிடித்தாள். முழு டேப் ஒரு கேக் என்றால், ரெண்டு பேரும் தின்றது அறுபதில் நாற்பத்தைந்து. அதைச் சுருக்கினால் நாலில் மூன்று. அவர் உடனே மேலிடத்து இணைப்பின்படி என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினார். அச்சாகி வந்த நம்பரை மேலிடமே மாற்றியிருப்பதால் இனி மாற்றுவதில் ஆட்சேபணை இல்லையாம்.

அப்படித்தான் அந்த ஒன்றரை வாரமும் ஓடியது. சாயங்காலம் ஃபைல் மேலே போகும். விடியற்காலை ரோஸ் சாக்பீஸோடு கீழே வரும். என் டேப் தினமும் காணாமல் போகும், தினமும் இணைப்பாக வரும். கையில் இருந்த அந்த அறுபது இஞ்ச் டேப்பைப் பற்றி எனக்கே அப்போதுதான் மரியாதை வந்தது. அதைப் பாதியாக்கலாம், மூன்றாக்கலாம், நாலாக்கலாம், ஐந்தாக்கலாம், ஆறாக்கலாம், எல்லாவற்றுக்கும் முழு இஞ்சில் நிற்கும். ஐந்தில் இரண்டும் மூன்றில் ஒன்றும் என்று ஒரு கணக்கு வந்தது. இருபத்து நாலும் இருபதும், நாற்பத்து நாலு. பால் காய்வதற்குள் முடித்துவிட்டேன். மேல் வீட்டு மாமி ரவிக்கைக்கு நாலு தடவை வந்து திரும்பிப் போனாள். "மேலிடத்து வேலை இருக்கு மாமி" என்றேன். மாமி நான் விரதம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

டெஸ்ட் புதன்கிழமை. திங்கட்கிழமை மாலைக் கணக்கில் ஏழு என்ற எண் வந்தது. ஏழில் இரண்டும் பாதியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேள்வி. செவ்வாய் விடியற்காலை டேப்பை ஏழாக மடித்தேன். எட்டரையில் நிற்கவில்லை. எட்டரைக்கு மேல் அரை நூல், அதாவது ஒரு இஞ்சைப் பதினாறாக்கினால் ஒரு பங்கு, வைத்துப் பார்த்தேன். ஏழு தடவை அளந்தால் கடைசியில் ஒரு மயிரிழை பாக்கி நிற்கிறது. ரவிக்கையில் அந்த மயிரிழையைத் தையலில் விழுங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த மிஸ் விழுங்குகிறவளாகத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இத்தனை வருடம் ஊர் மார்பையும் முதுகையும் கூறு போட்டவளுக்கு இந்த ஏழு ஒன்று பெப்பே காட்டிவிட்டது. ஒரு கோடும் போடாமல், டேப்பை மட்டும் உள்ளே வைத்து, ஃபைலை மேலே வைத்துவிட்டேன். அன்றைக்கு டேப் காணோம் என்று நான் தேடவில்லை. அவர் ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். பச்சைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். ஷேவ் செய்யப் போனார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

நாலு மணிக்குப் பேத்தி வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "மேலிடத்துலேர்ந்து இன்னிக்கு உத்தரவு வரல பாப்பா. ஏழு அவங்க டேப்புல நிக்கல போல."

பேத்தி ரஸ்க்கைப் பாலில் முக்கியபடி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஸ்க் உடைந்து பாலில் விழுந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"தாத்தா! சின்ன டேப் இருந்தா? ஏழுக்கும் வரணும், ரெண்டுக்கும் வரணும். பதினாலு! பதினாலு இஞ்ச் டேப் இருந்தா ஏழுல ரெண்டுன்னா நாலு இஞ்ச். பாதின்னா ஏழு இஞ்ச். பதினொண்ணு! பதினாலுல பதினொண்ணு!" நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தாள். "அரே, மிஸ் டெய்லி எல்.சி.எம்., எல்.சி.எம்.னு சொல்றது இதுதானா! நமக்கு ஏத்த மாதிரி டேப்பை நாமளே வெட்டிக்கிறது!"

நான் மிஷினுக்குப் பின்னால் குனிந்து கீழே விழாத நூல்கண்டைத் தேடினேன். கண்ணில் என்னவோ விழுந்திருந்தது.

அவரோ பேனாவை மூடினார். "மேலிடத்து டேப்பை வெட்ட நமக்கு அதிகாரம் இல்லை. முன்மொழியலாம்."

முன்மொழிந்தார்கள். மூன்று பத்தி. டேப்பைப் பதினான்காவது இஞ்சில் வெட்ட அனுமதி வேண்டி, அவசரம் என்று மேலே சிவப்புச் சீட்டு வைத்து, நாலரை மணிக்கு ஃபைல் ஃப்ரிட்ஜ் மேல் போனது. அவசர ஃபைல் என்பதால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குக் கிளம்பினார். போகும்போது, "அரை மணி நேரம் ஆகும்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த டேப் நான் தையல் பழகிய காலத்தில் வாங்கியது. எண்கள் தேய்ந்து, எனக்கு மட்டும் தெரிகிற நிலையில் இருந்தது. வேறு வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனாலும் கத்தரியை இரண்டு தரம் எடுத்து வைத்தேன். பெத்த பிள்ளைக்குக் காது குத்துகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினேன். பித்தளை முனையோடு இருந்த பதினான்கு இஞ்சைப் பச்சைத் தாளில் குண்டூசியால் குத்தி, பக்கத்தில் ரோஸில் ஒரு பெரிய டிக் போட்டு, ஃபைலை மேலே வைத்தேன்.

புதன்கிழமை டெஸ்டில் பத்துக்கு எட்டு. தப்பான இரண்டும் கழித்தல். கழித்தல் எங்கள் செக்‌ஷனுக்கு வரவே இல்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ராத்திரி மகள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். டியூஷன் வேண்டாம் என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே அவளே போட்டுப்பா, அப்பா. நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் பேனா சட்டைப் பையிலிருந்து கைக்கு வந்து, திரும்பப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். தோற்றாலும் சீட் போகும், ஜெயித்தாலும் சீட் போகும் என்று அவருக்கும் எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாளும் மூன்றே முக்காலுக்கு மேஜையில் உட்கார்ந்தார். பேத்தி வந்தாள், பாலைக் குடித்தாள், அறைக்குள் போய்விட்டாள். கால் மணி நேரம் ஆயிற்று. நான் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. நோட்டைக் கொண்டு வந்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"எல்லாம் போட்டுட்டேன் தாத்தா. சைன் பண்ணுங்க ஜல்தி. உங்க சைன் இல்லாம மிஸ்கிட்ட ஃபைல் எப்படிப் போகும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு கணக்கையும் விரல் வைத்துப் பார்த்து, கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டார். அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அது நடந்தது. கடைசியில் அவள் போட்ட கணக்குகளில் நம்பரே இருக்காது, வெறும் எழுத்துதான். அதற்கும் போட்டார். மிஸ் மாறிக்கொண்டே இருந்தார்கள், இது யார் என்று யாரும் திரும்பக் கேட்கவில்லை.

மீதி டேப்பை நான் தூக்கிப் போடவில்லை. பதினாலுக்கு மேல் ஆரம்பிக்கிற டேப்பை வைத்தே தைத்தேன். வருகிற அளவில் பதினாலைக் கழித்துக்கொள்வேன். ஒருநாள் மேல் வீட்டு மாமி, இடுப்பளவு எடுக்கும்போது குனிந்து பார்த்துவிட்டாள். முப்பத்தாறு இடுப்பு டேப்பில் ஐம்பது என்று காட்டியது. நான் விளக்குவதற்குள் படியேறிப் போய்விட்டாள். ஒரு வாரம் அவர்கள் வீட்டில் சப்பாத்தி மட்டும்தானாம்.

அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. பேத்தி இப்போது காலேஜ். முனிர்காவில் சிநேகிதிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள், சனிக்கிழமை வருவாள். போன சனிக்கிழமை ரஜாய் எடுக்க பீரோவைத் திறந்தவள் ஃபைலைப் பார்த்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சிரித்தாள். கடைசித் தாளில் சிரிப்பு நின்றது.

"அம்மாச்சி, இதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"உன் தாத்தா கோழி கிண்டின மாதிரி இங்கிலீஷ்ல எழுதினதை நான் எங்க படிக்கிறது? டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கு ஃபைலை மூடறேன்னு ஏதோ எழுதினாரு."

அவள் தனக்கு வந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒண்ணு. மேலிடம் யாருன்னு இந்த செக்‌ஷனுக்கு ஃபர்ஸ்ட் டேலேர்ந்தே தெரியும். இந்த வீட்டுல ரோஸ் சாக்பீஸ் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. ரெண்டு. இந்தக் கணக்கு எனக்கு ஸ்கூல்லேயும் வரல, ஆபீஸ்லேயும் வரல. மேலிடம் இல்லைன்னா இந்த செக்‌ஷனே இல்ல. மூணு. தெரியும்கிறதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த ஃபைல் வந்தா, அவங்க டேப்பைத் தேடற மாதிரி நடிக்கிறதைத் திரும்பவும் டெய்லி காலையில பார்க்கணும். ஃபைலை மூடலாம்." அதற்குக் கீழே தேதியோடு முழுக் கையெழுத்து.

நான் ரொம்ப நேரம் அந்தப் பதினான்கு இஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். பித்தளை முனை சில்லென்று இருந்தது. எத்தனை நாள் முந்தானைக்குள் சிரித்தேன்! இவர் எந்த முந்தானைக்குள் சிரித்தாரோ. விழுப்புரம்வரை பேசாமல் வந்த மனுஷன், இதை மட்டும் எனக்குப் படிக்க வராத பாஷையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மிஷின் டிராயரில் ரோஸ் சாக்பீஸ் இன்னும் ஒரு துண்டு கிடந்தது. எடுத்து வந்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே, எனக்குத் தெரிந்த தமிழில், கோணல் மாணலாக, இந்த முறை மறைக்காமல், ஒரே ஒரு வார்த்தை எழுதினேன்: பேசவும்.

நாடாவைக் கட்டினேன். பேத்தி பீரோவைத் திறந்து பிடித்தாள். நான் அடுக்களைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஃபைலை ஃப்ரிட்ஜ் மேல் நேராக வைத்தேன்.